கேட்டுக்குக் கட்டிய கயிறு

சாமிக் கயிறு சோப்பு டப்பாவில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க வீட்டுக்குப் பின்னால் போனவள், அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பச்சை சோப்பின் மேல் கறுப்புக் கயிறு, நுரையில் நனைந்து வட்டமாகக் கிடந்தது. என் வீட்டுக்காரர் விஜயபாண்டி தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஏதோ பாட்டு வேறு. வலது மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் குடிக்கிறவர்களுக்குக் கயிறு கட்டுவார்கள். மலையடிவாரத்துக் கருப்பசாமி முன்னால் நிறுத்தி, இத்தனை மாதம் தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்கி, பூசாரி மணிக்கட்டில் முடிச்சுப் போடுவார். கயிறு கையில் இருக்கிற வரைக்கும் குடிக்கக் கூடாது. குடித்தால் கருப்பன் சும்மா விடமாட்டான். தவணை முடிந்தால் பூசாரிதான் அறுத்து இறக்க வேண்டும். கட்டினவன் தானாகக் கழற்றக் கூடாது. பங்குனி மாதம் இவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் கட்டிவைத்தவள் நான். தை வரைக்கும் தவணை. இப்போது நடப்பது புரட்டாசி.

"சாமி கயித்தக் கழட்டி வச்சிட்டுக் குளிக்கீகளே, நல்லாருக்கா?" என்றேன்.

அவர் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, நான் ஏதோ விவரம் கெட்டவள் என்பதுபோல் பார்த்தார்.

"ஏட்டி, அது சாமி கயிறு இல்ல. சாமி கயித்த ஆவணியிலயே இறக்கியாச்சு."

"யாரு இறக்குனா?"

"பூசாரிதான். சும்மாவா இறக்குனாரு? உத்தரவு கேட்டு, பூப்போட்டுப் பாத்து, வெள்ளப்பூ விழுந்த பொறவுதான் அறுத்தாரு. சாமிக்கும் எனக்கும் ஒரு வழக்கும் இல்ல. நான் சத்தியத்த மீறல."

"அப்பம் இது என்ன கயிறு?"

"இது கேட்டுக்கு."

சொல்லிவிட்டு இன்னொரு செம்பு ஊற்றிக்கொண்டார்.

கேட் என்றால் மில் கேட். நாங்கள் ரெண்டு பேரும் ஒரே மில்லில்தான் வேலை பார்க்கிறோம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிற நூல் மில். நான் நூலைக் கோனில் சுற்றுகிற செக்ஷன், அவர் மில் வேன் டிரைவர். விடியுமுன்னே வ. புதுப்பட்டியில் எங்களை ஏற்றி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று நிறுத்தி நிறுத்திப் பெண்களை அள்ளிக்கொண்டு போய் மில்லில் இறக்குவார். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் அதே வேனில் திரும்பக் கொண்டுபோய் விடுவார். நடுவில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. டாஸ்மாக் திறப்பதோ பன்னிரண்டு மணிக்கு. குடிக்கிறவனுக்கு இதைவிடத் தோதான வேலையை யாராலும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது.

போன வருஷம் மழைக்காலத்தில் அப்படித் திரும்பி வரும்போதுதான் வேன் ரோட்டை விட்டு இறங்கிக் கண்மாய்ச் சரிவில் சாய்ந்தது. குறுக்கே மாடு வந்துவிட்டது என்றார் இவர். ஊரும் மாடு என்றது. மில்லும் மாடு என்றது. வேனுக்குள் இருந்த அத்தனை பேரில் ஒருத்திகூட அந்த மாட்டைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாஜியாவுக்கு இடது முழங்கை நொறுங்கிப்போயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளை, அப்போதுதான் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் அந்தக் கை நேராக நீளாது. அவளுக்குத் தலை பின்ன அவளுடைய அம்மா வர வேண்டும்.

அதற்குப் பிறகு மில்லில், குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கிற ஊதுகிற மெஷின் வாங்கினார்கள். டிரைவர்கள் காலையில் வந்ததும் சாவியைக் கேட்டில் கொடுத்துவிட வேண்டும். ரெண்டு மணிக்கு ஊதிக் காட்டிப் பச்சை விளக்கு எரிந்தால்தான் சாவி திரும்பக் கிடைக்கும். சிவப்பு எரிந்தால் கிடையாது. மூன்று தரம் சிவப்பு என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பாதுகாப்பு வாரம் என்று பந்தல் போட்டு, டிரைவர்களை வரிசையாக நிறுத்தி உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். மைக்கைப் பிடித்து அதை வாசித்தவர் என் வீட்டுக்காரர். நல்ல கணீர்க் குரல் அவருக்கு. அந்த மாதமே ரெண்டு தரம் சிவப்பு வாங்கினார்.

அதனால்தான் நான் அவரைக் கருப்பசாமியிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

கயிற்றோடு அவர் வேலைக்குப் போன முதல் நாள், கேட்டுக்கு அதிகாரியான சௌந்தரபாண்டியன் அதைப் பார்த்துவிட்டார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர், எனக்குத் தூரத்து மாமா முறை. ஆள் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மெஷினை ஓரமாக வைத்துவிட்டுச் சாவியை நீட்டினார். "சாமி முன்னால சத்தியம் பண்ணுனவன மெஷினு முன்னால நிப்பாட்டக் கூடாது. மெஷினு பேட்டரியில ஓடுது. கருப்பன் பேட்டரியிலயா ஓடுதான்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கயிறு கட்டினவர்கள் ஊத வேண்டாம் என்பது அன்றைக்கே சட்டமாகிவிட்டது.

வேனில் வருகிற பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எந்தக் கோயில், எந்தக் கிழமை, பூசாரி பெயர் என்ன என்று கேட்டுத் துளைத்தார்கள். என் பக்கத்து மெஷினில் கோன் சுற்றுகிற ஜெயபாய் அடுத்த வெள்ளிக்கிழமையே அவள் வீட்டுக்காரர் பொன்னுராஜைக் கூட்டிக்கொண்டு போனாள். பொன்னுராஜ் மில்லில் மாற்று டிரைவர். கூடத் துணைக்கு நானும் போனேன். ஆடி முடிவதற்குள் பாதி டிரைவர்கள் கையில் கறுப்புக் கயிறு ஏறிவிட்டது. நோட்டீஸ் போர்டில் மாதாமாதம் விழுந்த சிவப்பைக் கணக்கிட்டு ஒரு படம் ஒட்டினார்கள். சிவப்புக் கோடு மேலேயிருந்து கீழே சறுக்கிக்கொண்டு வந்தது. குடித்துவிட்டு வண்டி எடுப்பது எங்கள் மில்லில் அநேகமாக ஒழிந்துவிட்டதாம். ஊதினால்தானே சிவப்பு விழும்! மேனேஜர் கைதட்டச் சொன்னார், எல்லாரும் தட்டினோம்.

கயிற்றைச் சோப்பு டப்பாவில் பார்த்த வெள்ளிக்கிழமை ராத்திரி நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. ஒருநாள் லீவு போடுங்கள் என்றேன். வேறு வேலை பார்ப்போம் என்றேன். அவர் தட்டில் கை கழுவியபடியே, "ஏட்டி, நாளைக்குப் புரட்டாசிச் சனி. பெருமாளுக்கு விரதம். நாளைக்குப் போயித் தொடுவனா?" என்றார். நம்ப வேண்டும்போல இருந்தது. வேறு என்ன செய்ய?

சனிக்கிழமை விடியற்காலை ரோடெல்லாம் ஜனம். எங்கள் திருவண்ணாமலை தீபம் ஏற்றுகிற மலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் பெருமாள் நிற்கிற மலை. புரட்டாசிச் சனி என்றால் ராஜபாளையம் பக்கமிருந்தும் ஆட்கள் நடந்தே வருவார்கள். செருப்பில்லாமல், துளசி மாலையோடு, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, தார் ரோட்டின் ஓரத்தில் வரிசை வரிசையாக. அவர்களை உரசாமல் இவர் வேனை நிதானமாக ஓட்டிக்கொண்டு வந்தார். குடிக்காத நேரத்தில் இவரைப்போல ஓட்ட ஆள் கிடையாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இதே ரோட்டில் இதே ஜனத்துக்கு நடுவில் மத்தியானம் திரும்ப வேண்டுமே என்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்குப் பின்னால் கை கழுவப் போனேன். தென்னந்தோப்புப் பக்கத்துச் சுவர் இடிந்த இடத்தில் ஒரு ஆள் நுழைந்து வந்தார். இவர்தான். தரையில் இல்லாத வாசற்படியைத் தாண்டுகிறவர்போல ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து வந்தார். வாடையை மறைக்கக் கொய்யா இலையை மென்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, "சாப்ட்டீங்களா மாரிக்கனி? நேரத்துக்குச் சாப்பிடணும் நீங்க" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நான் 'ஏட்டி'தான். கோபத்திலும் ஏட்டி, கொஞ்சலிலும் ஏட்டி. குடித்தால் மட்டும் மரியாதை வந்துவிடும். எவ்வளவு மரியாதையோ அவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். இது ஊரில் யாருக்கும் தெரியாது. "பொண்டாட்டிய எம்புட்டு மதிப்பா பேசுதான் பாரு" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு.

செக்ஷனுக்கு ஓடிப் போய் ஜெயபாயிடம் சொன்னேன். "இன்னைக்கு வேன்ல ஏறாத. அவரு குடிச்சிருக்காரு."

அவள் நூலை வெட்டிக்கொண்டே சிரித்தாள். "போங்க மதினி. எங்க வீட்டுக்காரவுகளும் அண்ணாச்சி கூடத்தான் சாப்புடப் போனாக. கயிறு கட்டுன மனுசன் பக்கத்துலயே இருக்கப்பம் அண்ணாச்சி குடிச்சிருவாகளா? அவிய விட்ருவாகளா?"

"அவரு கையில இருக்கது சாமி கயிறு இல்லட்டி. கடையில வாங்குனது."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "சனிக்கெழமயும் அதுவுமா என்ன பேச்சு பேசுதீக!" என்று திரும்பிக்கொண்டாள்.

ஷிப்ட் முடிகிற நேரத்தில் மெஷினைத் துடைக்கக்கூட இல்லாமல் கேட்டுக்குப் போனேன். மேனேஜர் இல்லை, மலைக்குப் போய்விட்டார். சௌந்தரபாண்டியன் மாமாதான் எல்லாம். மேஜை மேல் மெஷின் இருந்தது, பின்னால் ஆணியில் சாவிகள் தொங்கின.

"மாமா, இன்னைக்கு அவருக்குச் சாவி குடுக்காதீங்க. ஊதச் சொல்லுங்க."

"அவந்தான் கயிறு கட்டியிருக்கான்லா தாயி."

"அது பொய்க் கயிறு மாமா. நேத்து சோப்பு டப்பாவுல கெடந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

காதில் விழக்கூடாத கெட்ட வார்த்தையைக் கேட்டவர்போல அவர் முகம் சுருங்கிற்று. "புருசன் பொண்டாட்டிச் சண்டையக் கேட்டுக்குக் கொண்டாராத. சிவப்பு விழுந்தா அவனுக்கு மூணாவது தடவ. வேல போயிரும், தெரியும்லா?"

"போகட்டும்."

"என்னது?"

"போகட்டும் மாமா. ரோடெல்லாம் புள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஜனம் நடந்து வருது. வேன் நெறய பொம்பளைக. ஒங்க கால்ல விழுதேன்."

விழுந்தேன். கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் பாசிமணி விற்கிறவர்கள்கூடப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை, பயமாகத்தான் இருந்தது. மாமா ரெண்டடி பின்னால் நகர்ந்தார். கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார்.

"சரி, எந்திரி. அவனக் கூப்புடுதேன். கயிறு கழலுதான்னு பாப்போம். நேத்து கழண்டது இன்னைக்கும் கழலும்லா? கழண்டா ஊதட்டும். கழலலேன்னா நீ வாய மூடிக்கிட்டு வேன்ல ஏறணும்."

எனக்கு உயிர் வந்தது. இதைவிட நியாயம் வேறென்ன வேண்டும்? சரி என்றேன்.

சங்கு ஊதி, பெண்கள் எல்லாரும் பைகளோடு வந்து கூடிவிட்டார்கள். வீட்டுக்குப் போய்த் தலை முழுகிவிட்டு மலைக்குப் போக வேண்டிய அவசரம் எல்லாருக்கும். இவர் வந்தார். நேராகத்தான் நின்றார். மாமா அவர் கையைப் பிடித்துக் கயிற்றுக்குள் விரலை விட்டு இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். தோல் சிவந்ததே தவிரக் கயிறு நகரவில்லை. நேற்று நான் பார்த்துவிட்டேன் என்பதால், இன்றைக்கு இறுக்கி, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறார். அந்த மட்டுக்கும் அவருக்கு நிதானம் இருந்திருக்கிறது.

"பாத்தியா தாயி?" என்றார் மாமா.

"நேத்து கழட்டுனாரு மாமா! சத்தியமா கழட்டுனாரு!"

யாரோ சிரித்தார்கள். ஜெயபாய் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்தாள்.

"மதினி, நீங்க செய்யது நல்லால்ல. நீங்க சொல்லித்தான நாங்க அம்புட்டுப் பேரும் அங்க போனோம்? நீங்கதான கூட வந்து நின்னு கட்ட வச்சீக? இப்பம் கயிறே பொய்யின்னு சொன்னா நாங்க எங்க போவோம்? எந்தச் சாமிகிட்டப் போவோம்?"

அவள் என் புருஷனுக்காகப் பேசவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. கயிறு கட்டின பிறகு அவள் கொஞ்ச மாதமாகத் தூங்குகிறாள். அந்தத் தூக்கத்துக்காகப் பேசினாள். அங்கே நின்ற பாதிப் பேரின் வீட்டில் அந்தக் கயிறு இருந்தது. ஒன்றை இழுத்தால் எல்லாம் கையோடு வந்துவிடும் என்று பயந்தார்கள். எனக்குத் தெரியாதா? நானும் பங்குனியிலிருந்து அப்படித்தான் தூங்கினேன்.

நாஜியா மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றாள். "எல்லாரும் ஊதுனா என்ன சுபேதார் ஐயா? ஊதுறதுக்கு எம்புட்டு நேரம் ஆவும்?"

"ஒனக்குக் கருப்பசாமியப் பத்தி என்னட்டி தெரியும்?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"ஒண்ணும் தெரியாது. இந்தக் கையத் தெரியும்" என்று நாஜியா மடங்கின கையை முடிந்த மட்டும் உயர்த்திக் காட்டினாள். கூட்டம் வேறு பக்கம் பார்த்தது.

மாமா ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். "நேரமாகுது. ஏறுங்க எல்லாரும்."

சாவியை வாங்க இவர் வலது கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்க்க, கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி, அவ்வளவு பணிவாக. அந்தப் பணிவைப் பார்த்ததும் எனக்கு வேனின் சாய்ந்த ஜன்னலும், கண்மாய்த் தண்ணீரும், நாஜியாவின் அலறலும் ஒன்றாக வந்தன. ரோட்டில் கண்ணாடி வளையல் போட்ட ஒரு பிள்ளை அப்பன் தோளில் உட்கார்ந்து போவதும் கேட் கம்பி வழியாகத் தெரிந்தது. இனிக் கெஞ்சுவதற்கு ஆள் இல்லை. சொல்லுவதற்குச் சொல்லும் இல்லை.

கோன் செக்ஷனில் எங்கள் ஒவ்வொருத்தி இடுப்பிலும் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி ஒன்று தொங்கும். அது என் கைக்கு எப்போது வந்தது என்று தெரியாது. இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவில் கத்தரியின் ஒரு முனையைச் செருகி அழுத்தினேன். கயிறு அறுந்து கீழே விழுந்தது. அவர் கையில் ஒரு கீறல் விழுந்து ரத்தம் துளிர்த்தது.

"கருப்பா!" என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். ரெண்டு மூன்று பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாமா வாயைத் திறந்தபடி நின்றார். சாமிக் கயிற்றை ஒரு பொம்பளை அறுத்ததை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"இப்பம் அவரு கையில கயிறு இல்ல மாமா" என்றேன். "கயிறு இல்லாதவரு ஊதணும். நீங்க போட்ட சட்டந்தான். ஊதச் சொல்லுங்க."

இவர் என்னை அடிப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். கீறலைத் துண்டால் ஒற்றிக்கொண்டு, "நீங்க செஞ்சது தப்பு மாரிக்கனி. ரொம்பத் தப்புங்க" என்றார். கூட்டத்துக்கு அது பெருந்தன்மையாகக் கேட்டது. எனக்குச் சாராயமாகக் கேட்டது.

மாமா மெஷினை எடுத்துக் குழாயை மாட்டி நீட்டினார். இவர் ஊதாமல் உள்ளே உறிஞ்சினார். "ஏலே, ஊது" என்றார் மாமா. மறுபடி உறிஞ்சினார். "பட்டாளத்துல ஒன்னய மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன். ஊதுலே!" என்று அதட்டினார். ஊதினார்.

மெஷின் வீல் என்று கத்திற்று. சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தச் சிவப்பைப் பார்த்தபோது எனக்குச் செத்துப்போகலாம்போல இருந்தது. பொய்யாக இருந்துவிடாதா, என் கண்ணும் காதும் தப்பாக இருந்துவிடாதா என்று கடைசி வரைக்கும் உள்ளே ஒரு ஆசை இருந்திருக்கிறது. இவர் பெஞ்சில் போய் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "சந்தோசமா இருங்க" என்று துண்டுக்குள்ளிருந்து சொன்னார். நாஜியா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் என்னைவிட்டு ஒதுங்கித்தான் நின்றார்கள். குடித்தவரைவிடக் கயிறு அறுத்தவள்தான் அவர்களுக்குப் பெரிய பாவி.

சௌந்தரபாண்டியன் மாமாவால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. இதைச் சீக்கிரம் முடித்துவிட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு. டிரைவர் ஷெட் பக்கம் திரும்பி, "ஏலே பொன்னுராஜு! வந்து வண்டிய எடு. பொம்பளைக எம்புட்டு நேரம் நிப்பாக?" என்று குரல் கொடுத்தார்.

பொன்னுராஜ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. பெண்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தார்கள். மாமா பொன்னுராஜின் வலது கையைப் பார்த்தார். கறுப்புக் கயிறு இருந்தது. தலையை ஆட்டிவிட்டு, மெஷினை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

"மாமா..." என்றேன்.

"போதும் தாயி. இன்னைக்கு நீ செஞ்சது போதும். இவன் கயிறு நெசக் கயிறு. பூசாரி கட்டுறப்பம் நீயுந்தான கூட நின்ன?"

நின்றேன். இவருடைய கயிற்றை அறுக்க எனக்கு உரிமை இருந்தது, பொண்டாட்டி என்கிற உரிமை. இன்னொருத்தி புருஷன் கையை நான் எப்படித் தொடுவேன்? கத்தரி என் விரலிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. ஊதச் சொல்லுங்கள், எல்லாரையும் ஊதச் சொல்லுங்கள் என்று கத்தத்தான் பார்த்தேன். மாமா எனக்கு முதுகைக் காட்டிச் சாவியைப் பொன்னுராஜிடம் நீட்டினார். அவ்வளவையும் செய்து, புருஷன் வேலையையும் தொலைத்து, சாமிக் குற்றத்தையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் அந்த வேன் அதே ரோட்டுக்கு, அதே ஜனத்துக்கு நடுவில் கிளம்பப் போகிறது. பொன்னுராஜ் குடித்திருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. டிராயர் பூட்டியிருந்தது.

வேன் படியில் ஒரு காலை வைத்திருந்த ஜெயபாய் ஏறவில்லை. கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பின்னால் இருந்தவர்கள், "ஏறுட்டி, செத்த நேரத்துல ரோடு நெறஞ்சிரும்" என்று அவசரப்படுத்தினார்கள். அவள் பெஞ்சில் துண்டுக்குள் முகத்தைப் புதைத்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். பிறகு சாவியோடு வருகிற அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். ரெண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடப் போனார்கள் என்று மத்தியானம் அவள்தான் எனக்குச் சொன்னாள்.

காலைக் கீழே வைத்தாள். ஒதுங்கி நின்ற பெண்களுக்கு நடுவில் நடந்து என்னிடம் வந்தாள். தரையில் கிடந்த அறுந்த கயிற்றை ஒருமுறை பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை. தன் இடுப்பில் ஒரு கத்தரி தொங்குகிறது என்பதே அவளுக்கு நினைவில்லை.

"மதினி" என்று கையை நீட்டினாள். "அந்தக் கத்தரியக் குடுங்க."

கொடுத்தேன்.

அவள் திரும்பி நடந்தாள். பொன்னுராஜ் நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார், கையில் இருந்ததைப் பார்த்தார். பிறகு வலது கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.